சனிக்கிழமை ஈரம்

அமெரிக்கா வருவதற்கு என் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பொண்ணு வீட்டில் தங்க மாட்டாராம். வருவாராம், பார்ப்பாராம், சாப்பிடுவாராம், ஆனால் படுக்கை மட்டும் வேறே இடத்தில். கட்டிக் கொடுத்த பொண்ணு வீட்டில் மாசக்கணக்கில் டேரா போட்டால் ஈரோட்டில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று போனில் கேட்டார். ஈரோட்டு நாலு பேருக்கு நாங்கள் இருக்கும் லிவர்மோரில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன். "எனக்குத் தெரியுமில்ல, அம்மிணி," என்றார்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரே பொண்ணு. அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாக ரசம் வைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். எப்படியாவது அவரை வரவழைத்து, வந்தபின் எப்படியாவது இருக்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே வைராக்கியம்.

வழி சொன்னது என் வீட்டுக்காரர். எதிர்வீட்டு அமெரிக்கப் பெரியவர் தன் பழைய டிராவல் டிரெய்லரை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. பின்பக்கம் கட்டில், நடுவில் சாப்பிட ஒரு பெஞ்சும் மேஜையும், முன்பக்கம் அடுப்பு, சிங்க், அலமாரி சைஸுக்கு ஒரு குளியலறை. கதவு முன்பக்கத்தில் பக்கவாட்டாக இருந்தது. "அதை வாங்கி நம்ம டிரைவ்வேயில நிறுத்திடலாம். மாமாவுக்குத் தனி வீடு ஆச்சு," என்றார். நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது.

அப்பா ஜனவரியில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் பருப்புப்பொடி, ஊறுகாய், அம்மாவின் குத்துவிளக்கு, அதற்கும் அடியில் வேட்டியில் சுற்றிய ஒரு தென்னஞ்சீமாறு! ஏர்போர்ட்டில் எப்படி விட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. "இதை எதுக்குப்பா தூக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்தேன். "வீடுன்னா சீமாறு வேண்டாமா?" என்றார், நான்தான் ஏதோ புத்தி கெட்டுப் பேசுகிற மாதிரி.

எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஹாலில் சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இதை எப்படிக் கழுவறது?" என்றார். கழுவ மாட்டோம், வேக்யூம் பண்ணுவோம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், நாங்கள் வருஷக்கணக்காகக் குளிக்காமல் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது. டிரெய்லருக்குள் ஏறியதும்தான் முகம் மலர்ந்தது. தரையில் லினோலியம் ஒட்டியிருந்தது. வழவழவென்று, துடைத்தால் பளிச்சென்று. "இது வீடு," என்றார்.

அன்றிலிருந்து அது அவர் வீடு. காலையில் அவர் அடுப்பில் அவரே காபி போட்டுக்கொள்வார். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசல் மணியை அடிப்பார். கதவு திறந்தே இருந்தாலும் அடிப்பார். "வாங்கப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைப்பார். சாப்பிட்டு, என் வீட்டுக்காரரிடம் "வரட்டுங்களா மாப்ள" என்று சொல்லிக்கொண்டு, நாலு எட்டு நடந்து தன் வீட்டுக்குப் போவார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

பிப்ரவரியில்தான் ஈரத்தைப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை அவர் படுக்கை விரிப்பை மாற்றப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில், பின்சுவர் மூலையில், தரை விளிம்பு நனைந்திருந்தது. விரலால் அழுத்தினால் நமுத்த அப்பளம் மாதிரி உள்ளே போனது. ஒரு பூஞ்சை வாடை வேறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: பத்து நாளாக அப்பாவுக்கு இளைப்பு. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேனே, கஷாயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்!

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஈரமும் பூஞ்சையும் இருக்கிற இடத்தில் இவர் படுக்கவே கூடாது என்றார் டாக்டர். அப்பா காரில் வரும்போது நிதானமாகச் சொன்னார்: "அது ஒழுகுதுன்னா உட்டுரு, அம்மிணி. நான் ஊருக்குப் போயிடறேன். உன்ற வீட்டுல வந்து படுக்க மட்டும் சொல்லாதே." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிதானமாகச் சொன்னதால் செய்தே விடுவார் என்று தெரிந்தது. ஆக, ஒழுகல் நின்றால் அப்பா இருப்பார், நிற்காவிட்டால் போய்விடுவார். அதுவரை கட்டிலை விட்டுவிட்டு நடுப் பெஞ்சில் படுக்க மட்டும் ஒத்துக்கொண்டார். எனக்கு வேறே எதுவும் மண்டையில் ஓடவில்லை.

உலகமே ரெண்டாயிரம் வருஷத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. தேதி மாறினால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. என் வீட்டுக்காரர் ப்ரோக்ராம் எழுதுகிறவர். நான் டெஸ்டிங். எழுதுகிறவர்கள் "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். ஓடாத இடத்தைத் தேடிப் பிடித்து அவர்கள் முன்னால் வைப்பது என் பிழைப்பு. அதில் ஒரு பாடம் உண்டு. தப்பு எப்போது வருகிறது என்று தெரியாமல் அது எங்கிருந்து வருகிறது என்று தேடக் கூடாது. வேண்டும்போது அதை மறுபடி வரவழைக்கத் தெரிய வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. "ரூஃப்தான், வேறென்ன," என்று ஏணி போட்டு ஏறி, கண்ணில் பட்ட இணைப்புக்கெல்லாம் சிலிக்கான் பசையை அப்பிவிட்டு இறங்கினார். கூரை பார்ப்பதற்குப் பல்லுக்குச் சிமெண்ட் அடைத்த மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஈரம் அப்படியே இருந்தது.

"அப்ப ஜன்னலா இருக்கும்," என்றார்.

"இருக்கும், கிருக்கும் எல்லாம் வேண்டாம். ஹோஸை எடுங்க," என்றேன்.

டிரெய்லரில் ஒழுகல் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தண்ணீர் ஒரு இடத்தில் நுழையும், சுவருக்குள்ளேயே மறைந்து நடந்துபோய், சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் தலையைக் காட்டும். கூரையில் காற்றோட்டத்துக்கு ஒரு மூடி, சுற்றி விளக்குகள், ஜன்னல்கள், மூலைக்கு மூலை தகரப் பட்டை, ஒவ்வொன்றிலும் திருகாணி. ஒவ்வொரு திருகாணியும் ஒரு சந்தேகம்தான். நான் உள்ளே டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். அவர் வெளியே ஹோஸோடு நின்றார். கீழேயிருந்து மேலே போகச் சொல்லியிருந்தேன். மேலேயிருந்து அடித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது திருடன் என்று தெரியாது. மனுஷன் முதல் காரியமாகக் கூரை மேல் அடித்தார்.

"கீழேர்ந்து! கீழேர்ந்துன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"மழை மேலேர்ந்துதானே பெய்யுது!" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் தன் புல்வெளியில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்பா பிறகு சொன்னார்.

ஆனால் அன்றைக்கு ஒன்று கிடைத்தது. பின்பக்கம் மேலே ஒரு சிவப்பு விளக்கைச் சுற்றி நனைத்தபோது உள்ளே ஒரு சொட்டு இறங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் தலையைக் கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டேன். விளக்கைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசி மாட்டினோம். கதை முடிந்தது என்று அன்றைக்குக் கேசரி கிளறினேன். அப்பா இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தரை நனைந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அது கவலையோடு சேர்ந்து ஒரு பைத்தியமாகவும் ஆனது. ஆபீஸுக்குப் போகும்போது 680 ஃப்ரீவேயில் கார்கள் நகராமல் நிற்கும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பேன். மழையா? ஏப்ரலில் மழை நின்றுபோயிற்று. மலையெல்லாம் பச்சை போய்ப் பழுப்பாக ஆரம்பித்தது. ஈரம் மட்டும் நிற்கவில்லை. சரி, குழாயா? டிரெய்லருக்குப் போகிற தண்ணீரை இரண்டு வாரம் அடைத்து வைத்தேன். அப்பா முணுமுணுக்காமல் எங்கள் தோட்டக் குழாயில் பக்கெட்டில் பிடித்துக்கொண்டு போனார். ஈரம் நிற்கவில்லை. குளிருக்கு மூச்சுக்காற்று சுவரில் படிந்து வடிகிறதா? கண்ணாடி எல்லாம் காய்ந்து கிடந்தது. வானத்திலிருந்தும் வரவில்லை, குழாயிலிருந்தும் வரவில்லை. அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது? சாமி சத்தியமாக, எனக்கு அழுகையும் வந்தது, அதே சமயம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறியும் வந்தது.

ஒரு துப்பு தானாக வந்து மாட்டியது. அப்பா எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழம் கை தவறிக் கீழே விழுந்தது. அது அடுப்படியிலிருந்து கிளம்பி, பெஞ்சைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உருண்டு, கட்டிலுக்கு அடியில் அந்த மூலையில் போய் நின்றது. டிரைவ்வே தெருவைப் பார்த்துச் சரிவு. மட்டம் பார்த்து நிறுத்தியாச்சு என்று என் வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் சும்மா. ஆக, அந்த மூலை குற்றவாளி இல்லை. அது பள்ளம். டிரெய்லருக்குள் எங்கே தண்ணீர் விழுந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

அப்படியானால் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். தரை முழுக்க மாவு தூவிவிட்டால், சொட்டு விழுந்த இடம் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அப்பாவிடம் சொல்லவில்லை. ஒழுகல் என்று பேச்செடுத்தாலே அவர் டிக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், அந்தப் பயம்தான். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, அவர் வாக்கிங் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே போய், பெஞ்சுக்கு அடியிலும் சுவர் ஓரமாகவும் கட்டிலைச் சுற்றியும் அரிசி மாவைச் சலித்துத் தூவினேன். நடக்கிற பாதையை மட்டும் விட்டுவிட்டேன். கிளம்பி ஆபீஸ் போய்விட்டேன். அன்றைக்கு எந்த ப்ரோக்ராமில் என்ன தப்பு இருந்தது என்று எனக்கு ஒரு எழுத்துகூட நினைவில்லை.

சாயங்காலம் காரை நிறுத்திய கையோடு டிரெய்லருக்குள் ஓடினேன். மாவைக் காணோம். துளிகூட இல்லை. தரை பளபளவென்று இருந்தது. அம்மாவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இங்க மாவு இருந்துதே?"

"அது நீ கொட்டினதா? எங்க பாத்தாலும் மாவாக் கெடந்துது. எறும்பு வந்துரும்னு நல்லாக் கழுவி உட்டுட்டேன்."

"கழுவியா? எப்படிக் கழுவுனீங்க?"

"எப்படின்னா? எல்லா வெள்ளிக்கிழமையும் கழுவற மாதிரித்தான்." கதவோரத்தைக் காட்டினார். அங்கே பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் அந்தச் சீமாறு. "ரெண்டு பக்கெட் ஊத்தி, தேய்ச்சு, கதவு வழியாத் தள்ளி உட்டா ஆச்சு. இன்னைக்கு மாவு இருந்ததுனால மூணு பக்கெட்டு."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் கிளம்பியதும் கழுவுகிறார். கதவு வழியாகப் போவது பாதி, லினோலிய இணைப்பில் இறங்குவது மீதி. மேலே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. உள்ளே இறங்கியது பலகை வழியாக மெதுவாக நடந்து, சனிக்கிழமை நான் டார்ச்சோடு வரும் நேரத்துக்கு மூலைக்கு வந்து சேருகிறது. நான் மூன்று மாசமாக வானத்தையும் திருகாணியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா! இது பலகைப்பா! சிமெண்டுத் தரை இல்ல! இதுல போய் யாராவது பக்கெட் பக்கெட்டா ஊத்துவாங்களா? சொல்லக் கூடாதா எங்கிட்ட?" என்று கத்தினேன்.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? பல் தேய்ச்சேன்னு தெனமும் வந்து சொல்றனா?" என்றார். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அவருக்கும் மெல்லப் புரிந்தது. "அப்ப ஒழுகினது நாந்தானா," என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேன். அவரும் சிரித்தார். இளைப்பு வந்து இருமினார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா வெள்ளிக்கிழமை கழுவாம வெளக்குப் பொருத்த மாட்டா. உனக்குத் தெரியுமே. நான் சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருப்பேன். தண்ணி கிட்ட வந்ததும் 'காலத் தூக்குங்க'ம்பா. தூக்குவேன். அவ்வளவுதான். அந்த வீட்டுல நான் பண்ணுன ஒத்தாசை அது ஒண்ணுதான் அம்மிணி, காலத் தூக்கினது." டம்ளரை மேஜையில் வைத்தார். "அவ போனப்பறம் நானே கழுவறேன். இங்கயும் அதுக்குத்தான் சீமாறு கொண்டாந்தேன். கழுவாத வீட்டுல வெளக்கு வெச்சா எனக்கு மனசு ஒப்பல. இதுல கழுவக் கூடாதுன்னா செரி. டிக்கெட்ட முன்னாடி மாத்தச் சொல்லிரு."

கண்டுபிடித்தே தீருவேன் என்று நின்றேன் இல்லையா, கண்டுபிடித்துவிட்டேன். ஒழுகலை நிறுத்த வழியும் தெரிந்துவிட்டது. அந்த வழியே அப்பாவை ஊருக்கு அனுப்புகிற வழியாக இருந்தது.

மறுநாள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கேள்வி வந்தது. இதற்கு அடியில் என்ன இருக்கிறது? அந்த வீட்டில் நாலு வருஷமாக நடக்கிறேன், ஒருநாளும் தோன்றியதில்லை. கோட் மாட்டும் அலமாரிக்குள் போய், ஓரத்தைக் கொறட்டால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். பிய்ந்துகொண்டு வந்தது. அடியில் ஒரு ஸ்பாஞ்சு. அதற்கும் அடியில் சாம்பல் நிறத்தில், சில்லென்று, சிமெண்ட்.

"என்ன பண்றே?" என்று ஓடி வந்தார் என் வீட்டுக்காரர்.

"சிமெண்டுத் தரைங்க!" என்றேன். "நம்ம வீட்டுல சிமெண்டுத் தரை இருக்கு!"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ப்ரோக்ராம் விஷயத்தில் எப்படியோ, இந்த மாதிரி விஷயத்தில் சட்டென்று புரிந்துகொள்வார் மனுஷன். போய் இன்னொரு கொறடு எடுத்துக்கொண்டு வந்தார். ஹால் முழுக்க உரித்தோம். சுவர் ஓரமெல்லாம் ஆணி அடித்த பட்டைகள், பிடுங்கிப் பிடுங்கிக் கை கொப்பளித்தது. பழைய பசையைச் சுரண்டினோம். அந்த வாரம் ஆபீஸ் விட்டு வந்தால் இதே வேலைதான். சாப்பாட்டு மேஜையைச் சமையலறைக்குள் நகர்த்திவிட்டோம். சாயங்காலம் அப்பா மணி அடித்தால் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாலில் ஏதோ ரிப்பேர் என்றேன். அவர் கேட்கவில்லை. டிக்கெட் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு டிராவல் ஏஜெண்டுக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு டெஸ்ட். ஒரு சொம்புத் தண்ணீரை நடு ஹாலில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்து, தோட்டத்துக் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் போனது. சுவர் பக்கம் போகவில்லை. எனக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை அப்பாவை வாசல் வழியாகவே உள்ளே விட்டேன். ஹாலைப் பார்த்து நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்றார்.

"தோட்டத்துப் பக்கம்பா."

"ம்," என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டார். "வரட்டுங்களா மாப்ள" என்று கிளம்பிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை சோபாவில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டேன். டிராவல் ஏஜெண்ட் ஆபீஸை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். நம்பரைப் பாதி அழுத்துவேன், வைத்துவிடுவேன். மறுபடி எடுப்பேன். இன்றைக்கு மாற்றச் சொல்லாவிட்டால் அவரே பண்ணிவிடுவார் என்று தெரியும். ஒருவழியாக நம்பரை முழுசாக அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

தோட்டத்துக் குழாயில் பக்கெட் நிரம்புகிற சத்தம் கேட்டது.

கண்ணாடிக் கதவு தள்ளித் திறந்தது. மணி அடிக்கவில்லை, "வாங்கப்பா" என்று நான் சொல்லவும் இல்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பக்கெட்டும் இன்னொரு கையில் சீமாறுமாக உள்ளே வந்தார். வாசல் பக்கம் போய், அங்கிருந்து சளாரென்று தண்ணீரை ஊற்றினார். சீமாறு சிமெண்டில் உரசுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். நான் வைத்துவிட்டேன். தண்ணீர் தரையில் பரவி என் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்தபடியே தள்ளிக்கொண்டு வந்தார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலத் தூக்கு, அம்மிணி," என்றார்.